நான் நடத்திய குப்பி

கெம்பஸ் போன முதல் வருடத்தில் எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. பாடத்தில் பின்தங்கிவிடுவேனோ என்பது ஒன்று. யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளாமல் போய்விடுவார்களோ என்பது மற்றது. முதல் பயம் வந்தால் வாசிகசாலைக்கு ஓடுவேன். அங்கே போய் உட்கார்ந்ததும் இரண்டாவது பயம் பிடித்துக்கொள்ளும். புத்தகத்தை மூடிவிட்டுக் கென்டீனுக்கு ஓடுவேன். கென்டீனில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், மனம் மட்டும் மூடிய புத்தகத்திலேயே கிடக்கும். இப்படி ஓடி ஓடியே பாதி செமஸ்டர் போய்விட்டது.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நான் மஸ்கெலியா. எங்கள் பெட்சில் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் மாதம் சாப்பாட்டுக்கும் விரிவுரைக்கும் ஒன்றாகவே போனோம். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் அவளுக்குப் பாதி புரியும், எனக்கு மீதி புரியும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டையும் சேர்த்து ஒரு பாடம் ஆக்கிவிடுவோம்.

பிறகு ஒரு குழு அசைன்மென்டுக்காக டவுன் பிள்ளைகள் ஐந்து பேர் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நன்றாக உடுத்துபவர்கள், விரிவுரையாளரிடம் பயமில்லாமல் கேள்வி கேட்பவர்கள். அவர்களுடைய மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலி பறிபோய்விடக் கூடாது என்ற கவலையில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். என் அறைத்தோழிக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த ஐவரில் ஒருத்தியின் பிறந்தநாளன்று புள்ளிவிபரவியல் விரிவுரை இருந்தது. இரண்டு மணி நேரம். அதை விட்டுவிட்டு கண்டி டவுனுக்குக் கேக் வெட்டப் போனோம். மணியைப் பார்ப்பதும் போட்டோவுக்குச் சிரிப்பதுமாக இருந்தேன். விரிவுரைக்குப் போன ஒருவர் பிறகு குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் கடைசிப் பக்கம் பாதிதான் விழுந்திருந்தது. மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

பரீட்சைக்கு முன் விளங்கியவர் விளங்காதவர்களுக்கு நடத்தும் வகுப்பைக் கெம்பஸில் குப்பி என்பார்கள். படிப்பு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது, நிகழ்தகவுப் பகுதிக்கு நான் குப்பி நடத்துவேன் என்று அந்த ஐவரில் ஒருத்தி பெட்ச் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். முதல் மதிப்பீட்டில் நான் கொஞ்சம் நல்ல புள்ளி எடுத்திருந்ததுதான் காரணம். ஒரு விரிவுரைக்கு நான் போகவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கெம்பஸில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை. ‘சரி’ என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பாதி விழுந்த பக்கம் நினைவுக்கு வந்தது.

எங்கள் லயத்து வீட்டில் போன் சிக்னல் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் பாதையின் வளைவு வரை ஏற வேண்டும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து சூமில் குப்பி நடத்தினேன். அறுபது பேர் வரை சேர்ந்திருந்தார்கள். தூறல் விழுந்தது. மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மா, வீட்டுக்குக்கூடப் போகாமல் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் விளங்காவிட்டாலும் என் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

பத்துப் பேரில் மூன்று பேரை எத்தனை விதமாகத் தெரிவு செய்யலாம்? பாதி விழுந்த பக்கத்தில் இருந்த கணக்கு அது. எதிரே தேயிலை மலை. சட்டென்று உதாரணம் வந்தது. கங்காணி பத்துப் பெண்களில் மூன்று பேருக்குக் கொழுந்தெடுக்க மூன்று தேயிலை நிரைகளைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு நிரையில் கொழுந்து நிறைய இருக்கும், இன்னொன்றில் காலை வைத்தால் அட்டை ஏறும். ஆகவே யாருக்கு எந்த நிரை என்பது முக்கியம், மூன்று பேர் அதே மூன்று பேர் என்றாலும் இடம் மாறினால் அது வேறு கணக்கு, விடை எழுநூற்றிருபது என்றேன். அது சரிதான். ஒரு குழுவுக்கு மூன்று பேரைத் தெரிவு செய்தாலும் இதே கணக்குத்தான் என்று அடுத்ததாகச் சொன்னதுதான் பிழை. எங்கள் ஊரில் மூன்று பேர் சும்மா மூன்று பேராக நின்று நான் பார்த்ததில்லை, எப்போதும் ஒருவருக்கு ஓர் இடம் இருக்கும். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முடிந்ததும் நன்றி, நன்றி என்று வட்ஸ்அப் நிரம்பியது. இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் ஹட்டனில் கண்டி பஸ் ஏறினேன். கினிகத்தேனையில் பஸ் நின்றபோது, சீனியர் அக்கா ஒருவர் அனுப்பிய பழைய வினாத்தாளை விடைகளோடு திறந்து பார்த்தேன். குழுவுக்கு மூவர். விடை நூற்றிருபது. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். குழுவில் யார் முதல், யார் கடைசி என்பதே கிடையாது, மூவர் ஆறு விதமாக இடம் மாறினாலும் அது ஒரே குழுதான், ஆறால் பிரித்திருக்க வேண்டும். அறுபது பேருடைய குறிப்புக் கொப்பியில் என் பிழை உட்கார்ந்திருந்தது.

சொல்லவா, விடவா என்று நாவலப்பிட்டி வரும்வரை மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் அந்த மேசையில் என் நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் கேள்வி வராமலும் போகலாம். குறிப்பைப் படம் பிடித்தவர் மேல் பழியைப் போட்டு ஒரு குரல்பதிவு செய்தேன், கேட்கவே அசிங்கமாக இருந்தது, அழித்தேன். கடைசியில் பிழை என்னுடையது, அந்த விரிவுரைக்கு நான் போகவில்லை, குழு என்றால் ஆறால் பிரியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

யார் யார் கேட்டார்கள் என்று நிமிடத்துக்கொரு தடவை பார்த்தேன். உண்மையில் நான் தேடியது ஐந்து பெயர்களை. ஐவரும் கேட்டிருந்தார்கள். ஒருத்தி, இப்போதாவது சொன்னீர்களே என்று எழுதினாள். அது நன்றியா குத்தலா என்று கம்பளை தாண்டும்வரை யோசித்தேன்.

மாலை அறைக்குள் போனபோது என் தோழி கட்டிலில் கொப்பியை விரித்து வைத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முகத்தைக் காட்ட வெட்கம். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். மனதுக்குள் அவளுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

கேள்வி வந்தது. கழகம் ஒன்றுக்கு மூவர் கொண்ட குழு. ஆறால் பிரித்து எழுதினேன். வெளியே வந்தபோது அவள் படிகளில் இறங்கி என்னை நோக்கி ஓடி வந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“நீ சொன்ன நெர கணக்கு அப்புடியே வந்துச்சுடி. ஒரு வரி விடாம எழுதிட்டேன்.”

வட்ஸ்அப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பரீட்சை என்றால் இரண்டு நாளைக்கு முன்பே போனை அணைத்து அலுமாரியில் வைத்துவிடுவது அவள் வழக்கம். முதல் மாதத்தில் அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். நான் நினைக்கவில்லை. பிழையை அங்கேயே நின்று சொன்னேன். என்னென்னவோ சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவள் கையிலிருந்த வினாத்தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எல்லாருக்கும் சொல்லியிருக்க. நான் பக்கத்துக் கட்டில்லதானே படுத்திருந்தேன்.”

அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த பாடத்தின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைப் பக்கம் நடந்தாள். அந்தப் பாடத்தில் அவள் எப்படியோ சித்தியடைந்துவிட்டாள், என்னோடு பேசாமலும் இருக்கவில்லை. சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பாள். ஆனால் விளங்காத பாடத்தை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு அவள் அதற்குப் பிறகு வரவே இல்லை.