பிள்ளையை விட்டுவிட்ட இரண்டாவது கேசட்

மேனாம்பேடு பொன்னம்மாளுக்கு மூத்த மகன் கஜபதி. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். எண்பத்தேழில், ஆவடி குவார்ட்டர்ஸ் சுலைமானின் கிடாரையும் வாடகை டிரம்ஸையும் வைத்துக்கொண்டு ஒரு கேசட் போட்டான். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே கதை. ராக் பாட்டு என்றார்கள். பம்பை அடித்தது போல நெஞ்சில் இடித்தது. புருஷன் விரட்டிவிட்ட லோகநாயகி, வயிற்றுப் பிள்ளையோடு ஆவடியில் ரயில் ஏறுவாள். அதோடு கேசட் முடிந்துவிடும்.

அந்த ஆடிப்பூரத்தில் அம்மனுக்கு வளையல் சாத்தின பெண்கள், பாட்டில் வந்தவளுக்கும் ஒரு டஜன் எடுத்து வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கஜபதியைக் கண்டால் ஒரே கேள்விதான்.

"இன்னா அண்ணாத்தே, ஆணா பொண்ணா?"

"அடுத்த கேசட்ல சொல்றேன்" என்று சிரிப்பான்.

தொண்ணூறில் அவன் மனைவி வனஜாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதன்பின் அந்த வீட்டில் பிள்ளைப் பேச்சே கிடையாது.

தொண்ணூற்றிரண்டில் இரண்டாவது கேசட் வந்தது. கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மைக்செட்டில் போட்டார்கள். பெண்கள் சொம்பும் கையுமாக நின்று கேட்டார்கள். லோகநாயகி பம்பாய் மில்லில் சேர்கிறாள், கொடி பிடிக்கிறாள், முதலாளியை எதிர்க்கிறாள். கிடார் வெளுத்து வாங்கியது. பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூழுக்கு நின்ற எல்லம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "யோவ் கஜபதி, புள்ள எங்கய்யா? ரயில்லயே மறந்து உட்டுட்டியா?"

"கொடி புடிக்க யூனியன் ஆபீஸ் கீது. அதுக்கு இன்னாத்துக்கு மாமே கேசட்டு?" என்றார் மைக்செட்டுக்காரர் கோவிந்தன்.

கூட்டம் சிரித்தது. கஜபதி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். அவன் வாசல் ஏறுவதற்குள் பழைய கேசட்டைப் போட்டுவிட்டார்கள்.

வனஜா கதவண்டை நின்றிருந்தாள். குழாய் ஒலிபெருக்கியில் எல்லாம் அவள் காதுக்கு வந்திருந்தது.

"நல்லால்லன்றாங்க வனஜா."

"நல்லாத்தான் இல்ல. புள்ளைய ஏன்யா எடுத்துட்ட?"

"நீயும் பாட்டக் கேட்டுகினு இருப்பியேன்னுதான்."

வனஜா அவனையே பார்த்தாள். "ஊரே அதுக்கு ஆளுக்கொரு பேரு வச்சிகினு கீது. நானும் ஒண்ணு வச்சிருந்தேன். நம்முளுதுதான் தங்கல, அதுனாச்சும் நல்லபடியா பொறந்திருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்யா."

கஜபதி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னா பேரு வச்ச?" என்று கேட்டான்.

"வசந்தகுமாரி" என்று சொல்லி அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக ஆளுக்கொரு மூலையில் அழுதவர்கள், அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்கள்.