கப்பலில் ஸ்டூல் போட முடியாது

1. சிவப்புக் கட்டம்

இருபத்திரண்டு வருஷம் டிராவல்ஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள் நான். இதுவரை ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. மெரினாவில் நின்று, தூரத்தில் தெரியும் சரக்குக் கப்பலைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அம்பத்தூர், ஆவடி, மாங்காடு பக்கத்திலிருந்து கப்பல் டூர் போன எத்தனையோ குடும்பங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அதில் ஒரே ஒரு தடவை அவர்களோடு என் மானமும் கப்பலேறப் பார்த்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை எழுதிவைக்கிறேன்.

பூந்தமல்லியில் நஸீர் பாயின் கடை. பாய் முதலாளி, நான் மற்ற எல்லாம். அன்று காலை கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் சார் நின்றிருந்தார். ஆவடியில் ஃபாக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திருவேற்காட்டில் அவர் குடியிருக்கும் ஃப்ளாட்ஸுக்குச் சங்கச் செயலாளர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ராஜேஸ்வரியின் அக்கா சரோஜா. கையில் பிளாஸ்டிக் கவருக்குள் புத்தம்புது பாஸ்போர்ட். ஐம்பத்தெட்டு வயதில் வாங்கிய முதல் பாஸ்போர்ட்.

"போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் முட்ச்சாச்சும்மா. அக்கா பேர நம்ம ரூம்ல சேத்துடு" என்றார் தணிகாசலம்.

கம்ப்யூட்டரில் சார் பெயரில் இருந்த கப்பல் கேபினைத் திறந்து, மூன்றாவது ஆளுக்கான கட்டத்தில் சரோஜாக்காவின் பெயரை அடித்தேன். கட்டம் சிவப்பானது. இடமில்லை என்றது. ஸ்பெல்லிங் தப்போ என்று மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு.

"இன்னாம்மா வாணி, மூஞ்சி ஒரு மாதிரி பூட்ச்சு?"

"சர்வர் ஸ்லோ சார்" என்றேன். எங்கள் தொழிலில் வாயில் முதலில் வருகிற பொய் அது.

2. நான் கொடுத்த வாக்கு

தப்பு இரண்டு மாதத்துக்கு முன்பே நடந்துவிட்டது. அந்த ஃப்ளாட்ஸிலிருந்து இருபத்தாறு பேர், பதிமூன்று கேபின், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல். கடையில் எல்லோரையும் உட்காரவைத்து, கம்பெனி அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கப்பலுக்கு நடுவில் நிஜ மரம் வைத்த பார்க். பனிச்சறுக்கு மைதானம். பத்தாவது மாடியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் தண்ணீர்ச் சறுக்கு. ஜூஸ் கலந்து கொடுக்க ஒரு ரோபோ கை. உள்பக்கம் இருக்கும் ஜன்னலில்லாத கேபின்களில் சுவர் உயரத்துக்குத் திரை. வெளியே கேமராவில் தெரியும் கடலை அதில் அப்படியே காட்டுவார்கள்.

நஸீர் பாய் கடைசிவரை பார்த்துவிட்டு, "எல்லாம் கீது வாணிம்மா. இதுல கடல் எங்க வருது?" என்றார்.

தணிகாசலம் சாரின் கவலை வேறு. "அய்யாயிரம் பேருக்கு மேலன்னு சொல்றியே, தண்ணி எப்டி ஏத்துறான்?"

கடல்நீரைக் கப்பலிலேயே நல்ல தண்ணீராக மாற்றுகிறார்கள் என்றேன். அசந்துபோய்விட்டார். அவர் ஃப்ளாட்ஸின் தண்ணீர் மோட்டார் அவர் கையில்தான். விடியற்காலை ஐந்து மணிக்குப் போடுவார். மோட்டாருக்கு நேர் மேலே குடியிருப்பவர் சங்கப் பொருளாளர் செந்தில்நாதன், கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை. அந்த ஐந்து மணிச் சத்தத்தால் இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மீட்டிங்கில்கூட மூன்றாவது ஆளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கப்பலில் தணிகாசலம் சாருக்கு முன்பக்கம் பால்கனி கேபின், செந்தில்நாதனுக்குப் பின்பக்கம் திரை வைத்த கேபின். நடுவே அரைக் கப்பல் தூரம் வேண்டும் என்று தனித்தனியாக என்னிடம் கேட்டு வாங்கியவர்கள்.

எல்லோரும் கிளம்பியபின் சரோஜாக்கா மட்டும் நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கராக இருந்தவர். தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, எண்ணிக் கட்டுவது வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டில்தான் இருக்கிறார். "வாணி, நானும் வர்லாமா? பாஸ்போர்ட்டு இனிமேதான் எடுக்கணும்" என்றார்.

"தாராளமா வாங்கக்கா. அந்த ரூம்ல சோஃபாவ இழுத்தா கட்டில். பாஸ்போர்ட் வந்ததும் சேத்துக்கலாம்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். வேன் புத்தி அது. எங்கள் கடையில் பன்னிரண்டு சீட் வேனுக்குப் பதினான்கு பேர் ஏறுவார்கள். நடுவில் போட இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் கடையில் தயார். மாங்காடோ, திருப்பதியோ, தணிகாசலம் சார் குடும்பம் எங்கே போனாலும் என் நோட்டில் ஒரே மாதிரிதான் எழுதுவேன்: ரெண்டு சீட்டு, ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியும்.

3. படகுக் கணக்கு

அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கப்பல் கம்பெனியின் மும்பை ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு பெண் இங்கிலீஷில் பொறுமையாக விளக்கினாள். எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

கப்பலுக்கு இவ்வளவு பேர் என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் கேபினுக்கு இரண்டு பேர் என்கிற கணக்கு. சோஃபா, மேல்கட்டில் எல்லாவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் மேலே போகும். ஆனால் கட்டில் இருக்கிறது என்பதற்காக ஆளை ஏற்ற முடியாது. ஒவ்வொரு கேபினுக்கும் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கென்று உயிர்காப்புப் படகுகள் உண்டு. ஏறுகிற ஒவ்வொரு தலைக்கும் படகில் ஒரு இடம் வேண்டும். தணிகாசலம் சார் கேபின் இருக்கும் பகுதிக்குப் படகு நிரம்பிவிட்டது. ஸ்கூல் லீவு சமயம். வேறு கேபினும் காலி இல்லை.

"அந்தக்கா ரொம்ப ஒல்லி" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே அப்படிக் கேட்டேன்.

"மேடம், படகில் ஒல்லி, குண்டு இல்லை. ஆள்தான்" என்றாள்.

போனை வைத்ததும் பாயிடம் சொன்னேன். "கட்டில் கீது, ஆளு கீது, எடம் இல்லியா? இன்னா கப்பலும்மா இது! நம்ம வேனே தேவல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வெக்காதன்னு சொல்வாங்க. கைய எடு மொதல்ல" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். தணிகாசலம் சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினார். அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் சரோஜாக்கா பாஸ்போர்ட்டை மறுபடி கவரில் போட்டு, "உடு தணிகாசலம். அவ இன்னா பண்ணுவா? நான் ஊட்டப் பாத்துகினு இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். ரொம்ப நாள் பழகிய வாக்கியம் போல வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்மேலேயே பயங்கரக் கோபமும் வந்தது.

4. கோயில் டூர் முறை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிமூன்று கேபினையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் சரோஜாக்கா பெயரை அடித்துப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பன்னிரண்டாவதில் பச்சை வந்தது. கப்பலின் பின்பக்கம், வேறு படகு. யாருடைய கேபின் என்று பார்த்தேன். செந்தில்நாதனுடையது.

பெண்ணைக் கோயம்புத்தூரில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் புருஷன் பெண்டாட்டி மட்டும் வரும் அறையில் அடுத்த வீட்டு அக்காவை எப்படிப் போடுவது? அப்போதுதான் புத்தி வேலை செய்தது. திருச்செந்தூர், ராமேஸ்வரம் டூர்களில் நாங்கள் என்ன செய்வோம்? லேடீஸ் ஒரு ரூம், ஜென்ட்ஸ் ஒரு ரூம். செந்தில்நாதனின் மனைவி, ராஜேஸ்வரி, சரோஜாக்கா மூவரும் பின்பக்க கேபினில். அங்கிருந்து ஓர் ஆள் கிளம்ப வேண்டும். முன்பக்கப் பால்கனி கேபினில் ஓர் இடம் காலியாகும். கணக்கு சரி. ஆள்கள்தான் தணிகாசலமும் செந்தில்நாதனும்.

முதலில் செந்தில்நாதனுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க மேடம், அவருகூட நானுங்களா? வேற ரூமே இல்லீங்களா?"

"இல்ல சார். நீங்க ஒத்துக்கலன்னா சரோஜாக்கா வர முடியாது."

"அந்தக்காதானுங்க எங்க பாப்பாவுக்கு யூனிஃபார்ம் தெச்சுக் குடுத்தாங்க" என்றார். அப்புறம், "கட்டில் ஒண்ணா, ரெண்டுங்களா?" என்றார்.

பிரித்துப் போடுவார்கள் என்றேன். "நல்லாப் பிரிச்சுப் போடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

தணிகாசலம் சார் கடைக்கே வந்துவிட்டார். "அந்தாளோட நாலு நாளா? அதுக்கு நான் கடல்ல குதிச்சுடுவேன். இன்னா டபாய்க்கிறியா?"

மூலையில் இருந்த வேன் ஸ்டூலை இழுத்து அவர் முன்னால் போட்டேன். "குந்துங்க சார். திருப்பதி வரைக்கும் இதுல குந்திப் பாத்திருக்கீங்களா?"

உட்காரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "போட்டுத் தொல" என்றார்.

5. வந்த வாய்ஸ் மெசேஜ்கள்

கப்பல் கிளம்பியபின் என் போன் ஓயவில்லை. அதில் சில:

ராஜேஸ்வரி: "வாணி, ரூம்ல கடல் காட்டுற ஸ்கிரீன் கீதே, அதுக்கு நேரா பொடவ மாத்த ஒரு மாதிரியா கீது. பெட்ஷீட்டு போட்டு மூடிட்டோம். அந்தப் பக்கத்துலேர்ந்து நம்பள தெரியாதில்ல?"

தணிகாசலம்: "டிராமா ஷோவுக்கு எடம் புடிக்க, சீட்ல கர்ச்சீப்பு போட்டு வெச்சுட்டு சாப்ட போனோம்மா. எல்லாத்தியும் பொறுக்கினு போய் காணாமப்போன பொருள் கவுண்ட்டர்ல வெச்சுகீறான். பதினோரு கர்ச்சீப்பு. கையெழுத்து போட்டு வாங்கினேன்."

செந்தில்நாதன், மூன்றாம் நாள்: "மேடம், காலைல அஞ்சு மணிக்கு இங்கயும் மோட்டார் ஓடுதுங்க. அவரு கொறட்டைங்க. பகல்ல பால்கனிய லேடீஸ் மூணு பேரும் புடிச்சுக்கறாங்க, எங்க ரெண்டு பேரையும் வெளிய தொரத்திடறாங்க. வேற வழியில்லாம ஒண்ணாச் சுத்தறோமுங்க. தண்ணி சுத்திகரிக்கறதப் பத்தி மூணு மணி நேரம் பேசினாருங்க." பின்னால் தணிகாசலம் குரல் கேட்டது: "ஆறு மணிக்கு மாத்திக்கலாம்னு சொன்னன்ல, அத்த சொல்லு!"

சரோஜாக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

6. சரோஜாக்கா சொன்னது

திரும்பி வந்த மறுநாளே கடைக்கு வந்தார். அதிரசம் கொண்டுவந்திருந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ரோபோ ஜூஸ் எப்படி என்று கேட்டேன். "இனிப்பு ஜாஸ்தி" என்றார். பார்க்? "மரம் நல்லா கீது." அவ்வளவுதான். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மொத நாளு எல்லாரயும் ஒரு எடத்துக்கு வரச் சொன்னாங்க வாணி. கப்பல் கெளம்பறதுக்கு முன்னாடியே. அங்க ஒரு பொண்ணு கார்டு வாங்கி மிஷின்ல காட்டுச்சு. என் பேரு வந்துச்சு. மேல கைய காட்டி, இதான் உங்க போட்டுன்னு சொல்லுச்சு. ஆரஞ்சு கலர்ல தொங்கிகினு இருந்துச்சு. எனக்குத்தான் பழக்கம் உடாதே, அந்தப் பக்கம் எத்தினி போட்டுன்னு எண்ணிட்டேன். ஒரு போட்டுல எத்தினி பேருன்னும் கேட்டுக்கினேன். எல்லாருக்கும் சரியா கீது. கூட ஒண்ணு கொற ஒண்ணு இல்ல."

"பயமா இருந்துச்சாக்கா?"

"பயமா? என் பேர்ல ஒரு சீட்டு வாணி. கப்பல் முழுவுனாத்தான் அதுல குந்த முடியும். ஆனா என் பேர்ல கீது." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடமில்லை என்று சொன்ன அந்தச் சிவப்புக் கட்டத்தை எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன்! யோசித்துப் பார்த்தால், சரோஜாக்காவை முழு ஆளாக எண்ணியது அது ஒன்றுதான். நாங்கள் எல்லோரும், முக்கியமாக நான், எங்கேயாவது செருகிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆகவே, புதிதாக வருகிறவர்களே, கப்பல் டிக்கெட் போடும்போது கட்டிலை எண்ணாதீர்கள், படகை எண்ணுங்கள். வரப்போகிற எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் வராமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கடையிலிருந்த இரண்டு ஸ்டூலையும் அன்றைக்கே பக்கத்து டீக்கடைக்குக் கொடுத்துவிட்டேன். பாய்க்கு வருத்தம்தான்.

போன மாதம் தணிகாசலம் சார் போன் செய்தார். "திருப்பதிக்கு வேன் போவுதாமே வாணி. வழக்கம் போல எழுதிக்கோ. ரெண்டு சீட்டு, ஒரு ஸ்..."

பின்னாலிருந்து சரோஜாக்காவின் குரல் அதட்டியது. "இன்னா ஸ்டூலு? மூணு சீட்டுன்னு சொல்லுய்யா!"

நான் ஏற்கெனவே மூன்று என்றுதான் எழுதியிருந்தேன்.