படமெடுக்கப் போன இடத்தில் கட்டிய துணி

கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் கருப்பை இறங்கிவிட்டது. கரும்புக் கட்டைத் தூக்கினால் கீழே பிதுங்கும். வில்லியனூரில் எங்கள் தெருப் பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

நாத்தனார்தான் என்னைப் பட்டணத்துப் பிரெஞ்சுக்காரர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கருப்பையோடு மூத்திரப்பையும் இறங்கியிருக்கிறதா என்று படத்தில் தெரிய, படுக்கவைத்து அதில் மருந்து ஏற்றினார்கள். பிறகு நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். எடுப்பவர் ஆண்பிள்ளை என்றதும் மறைப்புக்குப் பின்னால் போய்த் துணியை மறுபடி கட்டிக்கொண்டேன்.

படத்தைப் பார்த்த டாக்டர், "ஒன்றும் இறங்கவில்லையே, வீட்டுக்குப் போகலாம்" என்றார். இனி இந்த வேதனையோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று எனக்கு அழுகை முட்டியது. நாத்தனார் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி இது? கட்டிக்கினா நின்னே?"

"ஆம்பள முன்னாடி அலங்கோலமா எப்படி அண்ணி நிக்கறது?"

"ஓட்டக் கொடத்த அடைச்சி எடுத்தாந்து, ஒழுவுதான்னு பாக்கச் சொல்றியேடி!"

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்தாள். "கரும்புக்கட்டு தூக்கறப்ப முக்குவியே, அப்படி முக்கும்மா" என்றாள்.

இரண்டாவது படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்புக்குக் கீழே மருந்து நிறைந்த பை வெள்ளையாக ஒரு சுரைக்காய்போலத் தொங்கியது. "இதை வைத்துக்கொண்டா கரும்பு சுமந்தீர்கள்?" என்று கேட்டார். அவர் நம்பிவிட்டார் என்பதே எனக்குப் பாதி சுகமாக இருந்தது. கருப்பை இறங்காமல் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் பொருத்தி அனுப்பினார்கள். வயலுக்கு நிம்மதியாக நடக்கிறேன்.

இப்போது எங்கள் தெருவில் எவளாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் போய் மெதுவாக விசாரிக்கிறேன். கேட்க இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.