மாமாவுக்குப் போட்ட சரவெடி

என் மாமனாரைத் தூக்கிய அன்று வெடித்த வெடியை எங்கள் தெருவில் இன்றும் பேசுகிறார்கள். திருத்தங்கலில் அதற்கு முன் யாருக்கும் அப்படிப் போட்டதில்லையாம். பாராட்டித்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெடி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்.

மாமா எண்பதைத் தாண்டி வாழ்ந்தவர். அச்சாபீசில் பேப்பர் வெட்டும் மெஷினில் நின்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். மாமியார் படுத்த படுக்கையானதும், கண்ணை மூடும்வரை தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, துணி அலசியது எல்லாம் அவர்தான். நான் செய்கிறேன் என்று போனால், "நீ புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பு, போத்தா" என்பார். அவருக்கு அது பிரியம். எனக்கோ, மாமனாரை வேலை வாங்குகிறாள் என்று தெருவில் பேசிவிடுவார்களே என்ற கவலை. அதனால் அவர் கொடியில் துணி காயப்போடும்போது நானும் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். நாலு பேர் பார்த்தால் போதும் எனக்கு.

வீட்டு வேலை முடிந்தால் அவருக்கு ஆஸ்பத்திரி. பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் விபத்து என்று கேள்விப்பட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். தீக்காயம் பட்டவர்களைத் துணியில் படுக்கவைத்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வாழையிலையில் ஒட்டாது. அதற்காக மார்க்கெட்டில் குருத்து இலையாகப் பார்த்து வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கொண்டுபோவார். வயதான பிறகு பஸ்ஸில். யாரும் அனுப்பவில்லை, எந்தச் சங்கத்திலும் அவர் இல்லை. வார்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்குக் கஞ்சி புகட்டுவார். வலி தாங்காமல் கத்துகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாராம். திரும்பி வந்ததும் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அப்படியும் மருந்து வாடை அடிக்கும். நான் மூக்கைச் சுளித்ததை அவர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்.

அவர் வெடிக்கு விரோதி இல்லை. என் வீட்டுக்காரருக்கே வெடி கம்பெனியில்தான் வேலை. தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வெடிக்கும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்பார், அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைச் சொல்லித்தான் இன்றுவரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அது பலிப்பதில்லை.

ஒரு நாள் காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். செய்தி கேட்டதும் கம்பெனி முதலாளி ஆள் அனுப்பி, வெடி எம்புட்டு வேணும் என்று கேட்டார். இங்கே அது ஒரு மரியாதை. என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்பாவுக்கு இதெல்லாம் வேணுமா புள்ள? சும்மா மேளத்தோட எடுத்துருவோமே."

"கல்யாணச் சாவுங்க இது. சிவகாசிக்காரன் வீட்டுல வெடியில்லாமப் பொணத்தத் தூக்குனா காறித் துப்ப மாட்டாகளா? இருந்தமட்டும் உழைப்ப வாங்கிட்டு, போறப்ப ஒரு சரத்துக்கு வக்கில்லாமப் போச்சான்னு என்னையத்தான் கேப்பாக."

அவர் தலையை ஆட்டினார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

மத்தியானத்திலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு உறவுமுறையும் மாலையோடு தெருவில் நுழையும்போது ஒரு சரம். மேளக்காரர்கள் ஓய்ந்தால் ஒரு சரம். தெருவே புகை. காது அடைத்துப்போனாலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. அழுதுகொண்டே யார் யார் வந்திருக்கிறார்கள், யார் வெடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருமுனை டீக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நிற்பதைப் பார்த்தேன். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் இருக்கும். ஒரு அம்மாவுக்குக் கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டிருந்தது, ஒருவருக்கு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. பார்த்ததுமே மாமாவின் ஆட்கள் என்று தெரிந்தது. பெரிய கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன். வாசலில் நின்று, வாங்க வாங்க என்று பெரிய மனுஷியாகக் கையை ஆட்டினேன். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு அங்கேயே நின்றார். சரி, அவர்கள் இஷ்டம் என்று உள்ளே வந்துவிட்டேன்.

தூக்கும்போது மிச்சமிருந்த பெட்டிகளையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். சுடுகாட்டு வழி நெடுக வெடித்துக்கொண்டே போனார்கள்.

பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தபோது அந்தக் கூட்டம் வாசலுக்கு வந்தது. அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். மாமாவைக் கிடத்தியிருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"எடுத்துட்டீகளா தாயி?"

"இப்பத்தான் போறாக. எம்புட்டு நேரமா அங்கனயே நின்னீக? உள்ள வந்திருக்கலாம்ல?"

"நாரணாபுரத்துலருந்து ரெண்டு மணிக்கே வந்துட்டோம். சத்தம் நின்னதும் போயி மூஞ்சியப் பாத்துருவோம்னுதான் நின்னோம். நிக்கவே இல்லையே தாயி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க வெடி வேலை பாக்குறவுகதான? வெடிக்கா பயந்தீக?" என்று கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அவருக்குக் கோபமே வரவில்லை. "செய்யுற எடத்துல வெடிக்காதுல்ல தாயி. அங்கன சத்தம் கேட்டா எங்களுக்கு ஒண்ணுதான் அர்த்தம். மனசு போகச் சொல்லுது, காலு வர மாட்டேங்குது. ரெண்டு தரம் பாதித் தெரு வந்துட்டுத் திரும்பிட்டோம்."

ஈரக் கையோடு போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கொஞ்சம் நிறுத்தச் சொன்னால் போதும், ஓடிப்போய்ப் பார்த்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். எங்களுக்கே இன்னும் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் காதில் போன் மணி எங்கே விழும்? வாசலில் நின்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சத்தம் நின்றது, போன் வந்தது.

"கொள்ளி வச்சாச்சு புள்ள. எதுக்கு இத்தன தடவ கூப்பிட்ட?"

போனை அணைத்துவிட்டேன். அவர்களுக்கும் கேட்டிருக்கும். விரல் ஒட்டிப்போனவர் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்தார். சொரசொரப்பான உள்ளங்கை. அத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவர் கையையும் நான் தொட்டதில்லை.

"நீங்க கூடவே இருந்தீகளே தாயி. ஐயா மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க, கேட்டுட்டாவது போறோம்."

நினைத்துப் பார்த்தேன். யார் போட்ட மாலை எது, யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்தச் சரம் எவ்வளவு நேரம் வெடித்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. காலையிலிருந்து தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தும் அவர் முகத்தை நான் ஒரு தடவை கூட நின்று பார்க்கவில்லை.

"தூங்குற மாதிரி இருந்துச்சு" என்றேன். எல்லாச் சாவிலும் எல்லோரும் சொல்வது அது. அவர்கள் நம்பி அழுதார்கள்.