நீலப் பெட்டியில் எட்டாம் நம்பர்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு, "இந்த ஆளுக்கு அவர்மேல் காழ்ப்பு, அதனால்தான் இப்படி எழுதுகிறான்" என்று யாரும் கண்டுபிடிக்க வேண்டாம். காழ்ப்புதான். பன்னிரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அவருக்கு லென்ஸ் என்று பெயர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், கார் மெக்கானிக். வேகப் போட்டிக்குப் போகிற கார்களின் எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவர். எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். பிளக்கின் பீங்கான் மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சினுக்கு ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம். இவ்வளவுதான் வித்தை. இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகலாம். அவர் அரை மணி நேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று யாரிடமும் சொல்லமாட்டார். "மாத்து" என்பார், அல்லது "இருக்கட்டும்" என்பார். காரணம் கேட்டால் நம்மையே கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

டாக்சி ஷெட்டில் பழைய பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும் வேலையில் ஆரம்பித்தவர். அன்றிலிருந்து கழற்றிய பிளக் எதையும் தூக்கிப் போட்டதில்லை. பிஸ்கட் டின்களில் போட்டு, எந்தக் கார், எந்தத் தேதி, அன்று வெயிலா மழையா என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார். அக்காவின் துணி அலமாரியில் மூன்று தட்டு அந்த டின்கள்தான். கல்யாணத்தன்று எங்களை ஏற்றி வந்த வேனின் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றவர் அவர். போட்டோவில் மாப்பிள்ளையின் முதுகுதான் தெரிகிறது. அன்றைக்கே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும்.

நானும் மெக்கானிக்தான். என் ஷெட்டும் அவர் ஷெட்டும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பழகிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், நான் கட்டிய எஞ்சின் ஒன்று தடுமாறுகிறது என்று அதன் சொந்தக்காரன் அவரைக் கூப்பிட்டுவிட்டான். பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். அவர் வந்தார், ஒரு பிளக்கைக் கழற்றினார், துணியால் துடைத்தார், கண்ணாடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இதைப் போட்ட கைக்கு ஸ்பேனர் எதுக்கு? கரண்டி குடுங்க, போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போட்ட பிளக் தப்புதான், அது வேறு விஷயம். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் அப்படியே நின்றுவிடவில்லை. அக்கா வழியாக நடந்தது. ரேஸ் நடக்கும் இடத்தில் ஒரே காருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நிற்போம். "பதினேழாம் நம்பர் சாக்கெட் எங்கேன்னு அவன்கிட்ட கேளு" என்பார். அக்கா என் பக்கம் திரும்பி அதையே சொல்வாள். "அவர் காலுக்குக் கீழ கிடக்குன்னு சொல்லு" என்பேன். அதையும் சொல்வாள். ஊருக்கே இது தமாஷ். அக்கா மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. அவள் வெளியூர் போயிருந்தால் நாங்கள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்வோம்.

இதற்கு நடுவில்தான் அவர்கள் மகள் வளர்ந்தாள். அப்பாவின் ஷெட்டுக்கும் மாமாவின் ஷெட்டுக்கும் மாறி மாறி ஓடி வளர்ந்த பெண். பிழைப்புக்குப் பார்சல் வேன் ஓட்டினாள், ஆசைக்கு ரேஸ் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டுவாள். இதில் நான் மிகைப்படுத்தவில்லை, ஏனென்றால் அவரும் இதை ஒத்துக்கொள்வார். நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுதான்.

ஒரு ரேஸ் டீம் சம்பளத்துக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவரவர் காரைக் கொண்டுவர வேண்டும், மூன்று சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் சுற்று வண்டி சூடாவதற்கு, மற்ற இரண்டும் கணக்கு. நடுவில் வண்டி நின்றால் அவ்வளவுதான், மறுவாய்ப்பு கிடையாது. இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதத்தோடு இருபத்தைந்து முடிகிறது. இதைவிட்டால் ஆயுசுக்கும் பார்சல் வேன்தான் என்று அவளே சொன்னாள்.

நாள் பத்துதான் இருந்தது. அவள் தன் காரோடு என் ஷெட்டுக்கு வந்தாள். அப்பாவிடம் கொடுத்தால் பிளக் தேர்ந்தெடுக்கவே ஏழு வாரம் ஆகும் என்றாள். போன வருஷம் உண்மையிலேயே ஏழு வாரம் ஆனது. ஒவ்வொரு பிளக்காகப் போட்டு, ஓட்டி, கழற்றி, பார்த்து, சீட்டு எழுதி, சீசனே முடிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. லென்ஸின் மகள் என்னைத் தேடி வந்திருக்கிறாள். அன்றைக்கு வேண்டுமென்றே சுவரோரம் நின்று சத்தமாகப் பாட்டுப் பாடினேன்.

எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்தது. காற்றழுத்தத்தைக் கூட்டினேன், பெட்ரோலைக் கூட்டினேன், பலம் ஒன்றரை மடங்கு ஆனது. அப்படி ஏற்றிய எஞ்சினுக்குக் கம்பெனி போட்ட பிளக் தாங்காது. பிளக்கில் சூட்டு நம்பர் என்று ஒன்று உண்டு. தன்மேல் ஏறும் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுகிற பிளக்கைக் குளிர்ந்த பிளக் என்போம். தங்கவைத்துக்கொள்வது சூடான பிளக். ஆபீஸ் போய்வருகிற காருக்குச் சூடானதுதான் சரி, கரி தானாக எரிந்துவிடும். ரேஸ் எஞ்சினில் அதைப் போட்டால் நுனி செக்கச்செவேலென்று ஆகி, பொறி விழுவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். அப்புறம் பிஸ்டன் உருகும். ஆகவே இரண்டு படி குளிர்ந்ததாகப் போட வேண்டும். இது எனக்குத் தெரியும்.

நான் எப்போதும் வாங்குவது பச்சைப் பெட்டிக் கம்பெனியின் பிளக். அதில் நம்பர் ஏற ஏறக் குளிர்ச்சி. அன்றைக்குக் கடையில் பச்சைப் பெட்டி இல்லை, நீலப் பெட்டிதான் இருந்தது. காரில் ஏற்கெனவே இருந்ததும் நீலப் பெட்டி ஆறாம் நம்பர். எட்டு கொடு என்று வாங்கி வந்துவிட்டேன். நுனி இடைவெளியை அளந்து குறைத்தேன், மாட்டினேன். காலிப் பெட்டிகள் நாலும் பெஞ்சின்மேல் கிடந்தன.

மறுநாள் காலை லென்ஸ் என் ஷெட்டுக்குள் வந்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பெஞ்சிலிருந்து ஒரு காலிப் பெட்டியை எடுத்தார், கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு என் சுவரைப் பார்த்து, "கேட்லாக்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்ணுன்னு ஒண்ணு எங்களுக்கும் இருக்கு" என்று நானும் சுவரிடமே சொன்னேன்.

அவர் போய்விட்டார். கேட்லாக் என் மேஜை டிராயரில்தான் இருந்தது, கையை நீட்டினால் எட்டும். அவர் சொல்லி நான் அதைத் திறப்பதா என்று திறக்கவில்லை. திறந்திருந்தால் முதல் பக்கத்திலேயே இருந்தது. நீலப் பெட்டிக் கம்பெனியில் எல்லாம் தலைகீழ். நம்பர் ஏற ஏறச் சூடு. இது எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகத் தெரியும். பச்சைப் பெட்டிப் பழக்கத்தில் கை போய்விட்டது, ரோஷத்தில் மூளை கூடவே போய்விட்டது. இரண்டு படி குளிர்ந்ததைப் போடுகிறேன் என்று இரண்டு படி சூடானதைப் போட்டிருந்தேன்.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. லென்ஸ் கம்பி வேலி ஓரம் அக்காவோடு நின்றார், நான் இந்தக் கோடியில். அவள் முதல் சுற்றை நிதானமாக முடித்தாள். இரண்டாவது சுற்றின் நேர்ப் பாதையில் முழுசாக மிதித்தாள். கார் எங்களைக் கடந்து போனபோது காது குளிர்ந்தது எனக்கு, அவ்வளவு அழகான சத்தம். அந்தச் சத்தம் திடீரென்று நின்றது. எஞ்சினை அவளே அணைத்துவிட்டாள். கார் வெறுமனே உருண்டு உருண்டு போய்ப் புல் ஓரத்தில் நின்றது. டீம் ஆள் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான் ஓடினேன். புத்தி கெட்டுப்போச்சா, நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் அணைத்தாய் என்று கத்தினேன். மிதித்த மிதியில் எஞ்சின் கலகலவென்று சிணுங்கியது என்றாள். முழு வேகத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த நொடி அணைத்துவிடு, நடுவில் ஒரு மூச்சுகூட யோசிக்காதே என்று அப்பா காலையில் சொல்லி அனுப்பினாராம். இன்னும் அரைச் சுற்று ஓடியிருந்தால் பிஸ்டன் உடைந்து, எண்ணெய் டயருக்கடியில் சிதறி, அந்த வேகத்தில் கார் அதிலேயே வழுக்கியிருக்கும்.

பானெட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றினேன். கை சுட்டது. லென்ஸ் பக்கத்தில் வந்து நின்று பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார், என்னிடமே. வாங்கிப் பார்த்தேன். பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தது. அதன்மேல் பளபளவென்று பொடிப் பொடியாக அலுமினியம். பிஸ்டன் உருக ஆரம்பித்திருந்தது. அந்த மனுஷன் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. சாகும்வரை அதை மறக்கமாட்டேன்.

அதை அவளும் பார்த்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தாள்.

"அப்பா, பிளக் தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"சொன்னா கேக்கற ஆளா அவன்?" என்றார் லென்ஸ்.

"மாமாகிட்ட வேண்டாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே பத்து நிமிஷத்துல மாத்தியிருப்பேனே."

அவள் தன்னை விட்டு என்னிடம் வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. என் தப்பை நானே என் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். மகள் உயிருக்கு மட்டும் ஒரு வழி சொல்லி வைத்துவிட்டு, அவள் வேலையைப் பணயம் வைத்துவிட்டார். பாவி. இப்படி எழுதுகிற நான் டிராயரைத் திறக்காத பாவி.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அம்மாவிடம் திரும்பினாள். நாங்கள் இருவரும் ஒரு கை தூரத்தில் நிற்கிறோம்.

"அம்மா, இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடு. இனிமே எங்கிட்ட ஏதாவது பேசணும்னா உன்கிட்ட சொல்லி அனுப்பட்டும்."

அக்கா, பதினொரு வருஷப் பழக்கத்தில், எங்கள் பக்கம் திரும்பி அதை அப்படியே வார்த்தை மாறாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் சொன்ன சொல் மாறவில்லை. பார்சல் வேன்தான் ஓட்டுகிறாள். வேறு வீடு பார்த்துக்கொண்டாள், பழைய கார் ஒன்று வாங்கித் தானே எஞ்சின் கட்டிச் சின்னப் போட்டிகளில் ஓட்டுகிறாள் என்று அக்கா மூலம் தெரியும். நான் இரண்டு தடவை மன்னிப்புச் சொல்லி அனுப்பினேன். "சரின்னு சொல்லச் சொன்னா" என்று அக்கா வந்து சொன்னாள்.

போன வாரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லென்ஸின் குரல் வந்தது. சுவரிடம் பேசுகிற குரல் இல்லை, என்னிடம் பேசுகிற குரல்.

"அவ இப்ப என்ன நம்பர் பிளக் போடறான்னு உனக்குத் தெரியுமா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை. பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் டின் மூடி திறக்கிற சத்தமும், சீட்டில் எழுதப் பேனாவைத் தட்டுகிற சத்தமும் கேட்டன.

"தெரியாது" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து டின்னை மூடுகிற சத்தம் கேட்டது.