உதடு ஒரு வயரில், எழுத்து ஒரு வயரில்

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, மர மில்லில் வேலை பார்க்கும் அந்த மனிதர் டி.வி. மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுப்பார். பின்னால் கையை விட்டுத் துழாவி எச்.டி.எம்.ஐ. வயரைப் பிடுங்குவார். துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் பதுக்கி வைத்திருக்கும் பழைய மூன்று தலை வயரைக் கொண்டுவந்து, மஞ்சளை மஞ்சளிலும் வெள்ளையை வெள்ளையிலும் சிவப்பைச் சிவப்பிலும் செருகுவார். மகள் ஆசை ஆசையாக வாங்கி வைத்த பெரிய டி.வி. அந்த நிமிடமே எண்ணெய்க் கையால் தடவிய மூக்குக்கண்ணாடி போல மங்கிவிடும். ஆனால் படத்துக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை வந்து, செய்தி வாசிக்கும் அம்மாள் பேசுவதெல்லாம் அதில் எழுத்தாக ஓடத் தொடங்கும். "வந்துட்டியா" என்று அந்தப் பட்டையிடம் சொல்லிவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாதி எழுதிப் போட்ட நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார்.

அரை மணி நேரம் எழுத்து ஓட ஓட எழுதுவார். விட்டுப்போன இடத்தில் ஒரு கோடு போடுவார். அந்தச் சேனலில் அதே செய்தியை ஏழு மணிக்கு அச்சு மாறாமல் மறுபடி போடுவார்கள். அதற்குள் மஞ்சள் வயர் அலமாரிக்குப் போயிருக்கும், எச்.டி.எம்.ஐ. வயர் தன் இடத்துக்கு வந்திருக்கும். இப்போது எழுத்து கிடையாது. உதடு கிடைக்கும், அதுவும் பல் இடுக்கு வரை தெரிகிற தெளிவோடு. சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, நோட்டில் ஒரு வரி, அம்மாளின் வாயில் ஒரு வரி என்று ஒத்துப் பார்ப்பார். தையல் கடையில் வேலை பார்க்கும் மனைவி ஏழரைக்கு வருவாள், மகள் எட்டுக்கு. அதற்குள் மேசை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும்.

இத்தனை கண்ணாமூச்சியும் எதற்கென்றால், மனிதருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. மரம் அறுக்கும் மில்லில் இருபத்தாறு வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வேறென்ன மிஞ்சும். மில்லில் அது ஒரு குறையே இல்லை. அந்த இரைச்சலில் எல்லோருமே கையால்தான் பேசுவார்கள். தூக்கு, நிறுத்து, சாப்பிடப் போகலாம், மேனேஜர் வருகிறார், எல்லாவற்றுக்கும் விரல் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

போன மழைக்காலத்தில் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அடுத்த மழைக்குள் மிச்சம் இருப்பதும் போய்விடும், மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும், பேச்சு கேட்காது. தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காது போவதற்குள் கண்ணைப் பழக்கிவிட வேண்டும், வீட்டில் தெரிவதற்கு முன்னால் பழக்கிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்.

வீட்டில் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய அப்பாவுக்கும் கடைசி காலத்தில் காது போயிற்று. ஆரம்பத்தில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசினார்கள். அப்புறம் சுருக்கமாகப் பேசினார்கள். அப்புறம் தட்டை முன்னால் வைத்துவிட்டுத் தோளைத் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியவர்களில் இவரும் ஒருவர். அது அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பயம்.

மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் புருஷனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்பதுதான். எதைக் கேட்டாலும் "பாக்கலாம், பாக்கலாம்." எந்தக் கேள்விக்கும் பொருந்தும் என்று மனிதர் கண்டுபிடித்து வைத்திருக்கும் பதில் அது. "உங்க அப்பாகிட்ட பேசறதுக்கு செவுத்துகிட்ட பேசலாம்டி" என்று மகளிடம் புலம்புவாள். "அன்னைக்கு எனக்கு ஜுரம் அடிக்குதுங்கறேன், பாக்கலாம்ங்கறாரு."

எழுத்தையும் தெளிவையும் சேர்த்துக் கொண்டுவரும் வயர் ஒன்று கிடைக்காதா என்று ஒரு நாள் டி.வி. சாமான் கடைக்குப் போனார். நுனியில் தங்க முலாம் பூசியது, சிவப்பு பச்சை நீலமென்று ஐந்து தலை உள்ளது, கட்டைவிரல் தடிமனில் ஒன்று என்று கடைக்காரர் மேசை நிறையப் பரப்பினார். எதிலும் எழுத்து வராது. மூன்று தடவை சொல்லியும் இவர் 'பாக்கலாம்' என்றதில் ஏதோ புரிந்துகொண்டு, அட்டைப்பெட்டி மேல் எழுதிக் காட்டினார்: "அண்ணே, எழுத்து வேணும்னா மஞ்சள், தெளிவு வேணும்னா எச்.டி.எம்.ஐ. எச்.டி.எம்.ஐ. சொருகிட்டா உங்க கேபிள் பெட்டி மஞ்சளுக்கு எதையும் அனுப்பாது."

"பெட்டிய மாத்திட்டா?"

"உங்க ஏரியாவுக்கு இந்தப் பெட்டிதான் தர்றாங்க" என்று அதற்கு அடியிலேயே எழுதினார் கடைக்காரர்.

ஐந்து மாதம் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்தார். பலன் இல்லாமல் இல்லை. 'தெரிவித்தார்' வாயைத் திறக்கும்போதே பிடிபடும். 'பேச்சுவார்த்தை', 'மழைக்கு வாய்ப்பு', 'தீவிர விசாரணை' எல்லாம் நோட்டைப் பார்க்காமலே வந்துவிடும். தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே சொக்கிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மனைவியின் வாயைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு சொல் பிடிபடவில்லை. அவள் மென்றுகொண்டே பேசினாள். பாதியில் அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி கொண்டையை முடிந்துகொண்டே மீதியைச் சொன்னாள். செய்தி அம்மாள் பல் டாக்டருக்குக் காட்டுவது போல வாயைத் திறந்து பேசுகிறவள். அதுவும் வீட்டில் பேசுகிற எதையும் பேசாதவள். எந்தச் செய்தியிலும் யாரும் யாரையும் 'ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க' என்று கேட்பதில்லை. பழகியதெல்லாம் வீண் என்று அன்றைக்கே மனதுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஆறு மணிக்கு மேசையை இழுக்காமல் இருக்கவும் முடியவில்லை, பாவம்.

ஒரு வியாழக்கிழமை தையல் கடையில் கரண்ட் போய், மனைவி ஆறே காலுக்கே வீடு வந்துவிட்டாள். கதவு திறந்ததும் தெரியாது, அவள் கூப்பிட்டதும் தெரியாது. நோட்டின் மேல் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பினார். மேசை சுவரை விட்டு விலகி நிற்கிறது, பிடுங்கிய வயர் தரையில் கிடக்கிறது, மங்கிய டி.வி.யில் சத்தமில்லாமல் எழுத்து ஓடுகிறது. அவள் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக ஐந்து மாதத்துச் செய்தி. அவளுடைய உதடு அசைந்தது. கண்ணை இமைக்காமல் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மறுபடி அசைந்தது. 'பாக்கலாம்' நாக்கு வரைக்கும் வந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"கேக்கலம்மா" என்றார். பக்கத்து வீடு வரைக்கும் போகிற குரலில் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. "அடுத்த மழை வரைக்கும்தான்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. உன் வாயப் பாத்துப் புரிஞ்சுக்கலாம்னு பழகறேன். இந்த அம்மா பேசறது வருது. நீ பேசறதுதான் ஒண்ணுமே வரமாட்டேங்குது."

நோட்டு அவள் கையிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள்; அழுகைக்கு நடுவில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். விரல்களுக்குப் பின்னால் உதடு அசைவது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

அவர் எதிரில் மண்டியிட்டார். அவள் கைகளைப் பிடித்து வாயிலிருந்து விலக்கினார். அவை மறுபடி மறுபடி முகத்துக்குப் போகப் பார்த்தன. இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையால் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் மோவாயை டியூப்லைட் வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.