எங்க வூடா, நம்ம வூடா?

காலையில் குழம்பில் புளி தூக்கலாகிவிட்டது. ஒரு வாய் சாப்பிட்ட என் கணவர், "எங்க வூட்ல இவ்ளோ புளி ஊத்த மாட்டாங்க" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது.

மதியம் அவர் வேலை செய்யும் பீங்கான் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். புதிதாகச் சேர்ந்த டிசைனர் பெண்ணிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம வூடு ஜங்ஷன் பக்கந்தான். ஒரு நாள் வாங்க."

நேற்று வந்தவளுக்கு 'நம்ம'. ஆறு வருஷமாக இருப்பவளுக்கு 'எங்க'.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டேன். "ஏங்க, அவங்களுக்கு இது நம்ம வூடு, எனக்கு மட்டும் உங்க வூடா?"

"பேச்சுவாக்குல வர்றதுதான். இதுக்கெல்லாமா கோச்சிக்குவ?"

அதற்குள் திட்டக்குடியிலிருந்து மாமியார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

"வர முடியாதும்மா. எங்க வூட்ல வேல இருக்குது" என்றார் இவர்.

ஸ்பீக்கரில் அத்தை கேட்டார்: "எங்க வூடா? அப்போ இது யாரு வூடுடா?"

முதல் தடவையாக அந்த 'எங்க'வில் நானும் இருந்தேன். அத்தை இல்லை.

பாவமாக இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் கொஞ்சம் தூக்கல். உங்கள் வீட்டில் 'நம்ம' யாருக்கு, 'எங்க' யாருக்கு?